சாய்தளத்தில் படகை இறக்குதல், ஏற்றுதல்: எதை எப்போது கழற்றுவது

சாய்தளத்தில் படகுக்கும் வண்டிக்கும் நேரும் சேதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில் வந்து நிற்கும். கழற்ற வேண்டியதைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள். அல்லது கழற்றக் கூடாததை முன்கூட்டியே கழற்றியிருப்பார்கள். படகின் பின்பக்கத்தை ட்ரெய்லரோடு இறுக்கும் பின்பட்டையைக் கழற்ற மறந்தால், மிதக்கத் தொடங்கும் படகு ட்ரெய்லரையும் சேர்த்துத் தூக்கும். படகின் முன்முனையைக் கைப்பிடி சுற்றி இழுத்துப் பிடிக்கும் வின்ச்சின் கொக்கியைச் சரிவின் உச்சியிலேயே கழற்றிவிட்டால், படகு தண்ணீரைத் தொடும் முன்பே கான்கிரீட்டில் விழும். ரிவர்ஸ் எடுக்கத் தடுமாறுபவர்கூட நாலு முறை முன்னும் பின்னும் போய் எப்படியாவது இறங்கிவிடுவார். கழற்றும் வரிசையைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைப்பதில்லை.

சில சொற்களை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். படகின் முன்முனை அணியம், பின்பக்கம் அமரம். ட்ரெய்லரில் படகு உட்கார்ந்திருக்கும், கார்பெட் சுற்றிய நீளப் பலகைகள் தாங்குபலகைகள். சில ட்ரெய்லர்களில் பலகைக்குப் பதில் ரோலர்கள் இருக்கும். இந்த வித்தியாசம் பின்னால் பல இடங்களில் வரும்.

கிளம்பும் முன்

ட்ரெய்லரின் மூக்கில் வண்டியோடு பூட்டும் கிண்ணமான கப்ளரின் அளவும் வண்டியின் கொக்கி உருண்டை அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய கப்ளர் சிறிய உருண்டையின் மேல் உட்கார்ந்து, பூட்டியதுபோலவே தோன்றும். முதல் பெரிய குலுக்கலில் கழன்றுவிடும். பூட்டியபின் முன்சக்கர ஜாக்கைச் சுற்றி ட்ரெய்லரின் மூக்கைச் சற்று உயர்த்திப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழுந்தால் பூட்டு சரி. பாதுகாப்புச் சங்கிலிகளைக் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கப்ளர் கழன்றாலும் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலி தொட்டில்போலத் தாங்கும்.

மூக்கில் விழும் சுமை மொத்த எடையில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இருப்பது நல்லது. பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் வேகத்தில் வாலாட்டும். ஐஸ் பெட்டி, எரிபொருள் கேன், நங்கூரம் எல்லாவற்றையும் அமரத்தில் குவித்து வைத்துவிட்டு, ட்ரெய்லர் ஆடுகிறதே என்று டயரைச் சந்தேகப்படுபவர்கள் உண்டு.

எஞ்சினைத் துறைக்குப் போய்த்தான் முதன்முதலாக ஸ்டார்ட் செய்து பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டிலேயே தண்ணீர்க் குழாயை எஞ்சினின் நீர் உறிஞ்சும் வாயில் கவ்வவிட்டு, ஒரு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டவே கூடாது. குளிர்நீர் பம்புக்குள் சுழன்று நீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லருக்குத் தண்ணீர்தான் மசகு. உலர்ந்து சுழன்றால் சில விநாடிகளிலேயே சூடேறிக் கெடத் தொடங்கும். எஞ்சின் ஓடும்போது பக்கவாட்டில் பீய்ச்சும் மெல்லிய நீர்த்தாரை பம்ப் வேலை செய்வதற்கான அடையாளம்.

துறையில் முதல் வேலை: நடந்து போய்ப் பார்ப்பது

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, சாய்தளத்தில் நீர் விளிம்பு வரை நடந்து போங்கள். நாலு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலில் பாசி. ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறி இறங்கும் இடங்களில், உலர்ந்த கான்கிரீட் முடிந்து பச்சை அல்லது கறுப்புப் பாசி தொடங்கும் கோடு தெளிவாகத் தெரியும். ட்ரெய்லர் சக்கரம் அந்தக் கோட்டைத் தாண்டலாம். வண்டியை இழுக்கும் சக்கரங்கள் தாண்டக் கூடாது. கால் வைத்ததுமே வழுக்கினால் டயரும் வழுக்கும்.

இரண்டாவது, கான்கிரீட் எங்கே முடிகிறது என்பது. நீர் மட்டம் தாழ்ந்திருக்கும்போது தளத்தின் கடைசி விளிம்பு மிக அருகில் இருக்கும். அதற்கப்பால் சக்கரம் விழும் அளவுக்குப் பள்ளம் இருக்கலாம். ஒரு நீளக் கழியால் குத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். காலையில் ஓதம் ஏறியிருக்கும்போது இறக்கிவிட்டு, மாலையில் தாழ்ந்த நீரில் ஏற்ற வருபவர்கள் திரும்பி வரும் நேரத்து நீர்மட்டத்தையும் காலையிலேயே பார்த்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, காற்றும் நீரோட்டமும் எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பது. படகைக் கட்டும் மேடையான ஜெட்டி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் கயிறும், படகு இடிபடாமல் காக்கும் மெத்தையான ஃபெண்டரும். கடலோரத் தளமாக இருந்தால் அலையையும் சில நிமிடங்கள் நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வந்து இடையில் அடங்கும். இறக்குவதற்கு அந்த அடங்கும் நேரம்தான் சரி.

நான்காவது, சரிவு. 100 அடிக்கு 12 முதல் 15 அடி இறங்கும் தளம் வழக்கமானது. அதைவிடத் தட்டையாக இருந்தால் வண்டியை அதிகம் நீருக்குள் விட வேண்டிவரும். செங்குத்தாக இருந்தால் பிரேக்குக்குச் சோதனை.

சமதளத்தில் செய்து முடிக்க வேண்டியவை

தண்ணீரில் இறக்குவதற்கான எல்லா ஆயத்தமும் மேலே, சரிவுக்கு வெளியே முடிந்துவிட வேண்டும். சரிவில் நின்றுகொண்டு பெட்டி ஏற்றுவது பின்னால் காத்திருப்பவர்களுக்கு மட்டும் தொந்தரவு என்று நினைக்க வேண்டாம். பிரேக்கை நம்பி நிற்கும் வண்டிக்குப் பின்னால் ஆட்கள் நடமாடும் நேரத்தை அது கூட்டுகிறது.

சாமான், லைஃப் ஜாக்கெட், எரிபொருள் எல்லாம் ஏறட்டும். அணியத்தில் ஒரு நீளக் கயிறு, அமரத்தில் ஒன்று கட்டுங்கள். அணியக் கயிறு குறைந்தது படகின் நீளம் இருக்கட்டும். ஜெட்டிப் பக்கம் ஃபெண்டர்களைத் தொங்கவிடுங்கள். எஞ்சின் முழுதும் மேலே தூக்கிய நிலையில் இருக்க வேண்டும். பயணத்தில் அதைத் தாங்கத் தாங்குகம்பி போட்டிருந்தால் அதை இப்போதே எடுத்துவிடுங்கள்.

அடுத்து, படகின் அமரத்தை ட்ரெய்லரோடு இறுக்கும் பின்பட்டைகள். இரண்டையும் கழற்றி, சுருட்டி, வண்டிக்குள் வையுங்கள். வின்ச் பட்டையையும் அணியச் சங்கிலியையும் தொடாதீர்கள். அவை இரண்டும் நீர் விளிம்பு வரை அப்படியே இருக்க வேண்டும். ரோலர் ட்ரெய்லரில் படகைப் பிடித்திருப்பது கிட்டத்தட்ட அவை மட்டும்தான். தாங்குபலகையில் உராய்வு கொஞ்சம் பிடிக்கும் என்பது உண்மை. பலகை ஈரமானதும் அந்த நம்பிக்கையும் போய்விடும்.

லைட் பிளக்கைப் பற்றி: பழைய பல்பு விளக்குகள் சூடாக இருக்கும்போது குளிர்ந்த நீரில் மூழ்கினால் கண்ணாடி வெடிக்கும், இணைப்பு வழியே ஃபியூஸும் போகலாம். அதனால் பிளக்கைப் பிடுங்கி, தரையில் உரசாதபடி சுற்றி வைப்பது வழக்கம். நீர்புகாத எல்.இ.டி விளக்குகளுக்கு இந்தக் கவலை குறைவு. ஒரு விதிவிலக்கு உண்டு. ட்ரெய்லர் வண்டியைத் தள்ளும்போது கப்ளர் அழுந்தி, அந்தத் தள்ளுவிசையால் இயங்கும் டிஸ்க் பிரேக் கொண்ட சில ட்ரெய்லர்களில், ரிவர்ஸ் போகும்போது பிரேக் பிடிக்காமல் தடுக்கும் வால்வுக்கு மின்சாரம் இந்த பிளக் வழியாகத்தான் வருகிறது. அதைப் பிடுங்கிவிட்டுச் சமதளத்திலோ மேட்டிலோ ரிவர்ஸ் எடுத்தால் ட்ரெய்லர் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ட்ரெய்லராக இருந்தால் சரிவின் தலைப்பில் வண்டி நேரானபின் பிடுங்குங்கள். கீழ்நோக்கி இறங்கும்போது கப்ளர் அழுந்தாது; பிரேக்கும் பிடிக்காது.

இவ்வளவும் செய்ய ஏறக்குறைய 10, 15 நிமிடம் ஆகும். அந்த நேரம் சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்கும் தேவை. நெடுஞ்சாலையில் ஓடிவந்த ஹப் சூடாக இருக்கும். சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீலின் இடுக்கு வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அந்த நீர் கிரீஸைக் கெடுத்து, பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கையால் தொட்டுப் பார்த்து, சூடு தணிந்தபின் இறக்குங்கள்.

தக்கை

இதற்குத் தனித் தலைப்பு தேவை. படகின் அமரத்தில், அடிமட்டத்தை ஒட்டி, உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்க ஒரு துளை இருக்கும். அதை அடைக்கும் தக்கையை மாட்ட மறப்பது, பல ஆண்டு அனுபவம் உள்ளவர்களும் செய்யும் தவறு.

கணக்கைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 30 செ.மீ. கீழே 25 மி.மீ. விட்டமுள்ள துளை திறந்திருந்தால், நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் உள்ளே வரும். வண்டியை நிறுத்திவிட்டு நடந்து வர 10 நிமிடம் ஆனால், படகில் 400 கிலோ கூடுதல் பாரம். அமரம் தாழத் தாழத் துளையும் இன்னும் ஆழத்துக்குப் போகும். ஜெட்டியில் கட்டிய படகு பின்பக்கமாக உட்கார்ந்துவிடுவது இப்படித்தான்.

மாட்டுவதிலும் கவனம் வேண்டும். பித்தளைத் திருகுத் தக்கையாக இருந்தால், முதலில் விரலால் இடப்பக்கமாகச் சுற்றுங்கள். திருகுப்புரி ஒன்றோடொன்று பொருந்தும் இடத்தில் ‘டக்’கென்று ஒரு சிறு இறக்கம் விரலுக்குத் தெரியும். அதன்பின் வலப்பக்கம் திருப்பினால் கோணலாக ஏறாது. வாஷரில் ஒரு மணல் துகள் ஒட்டியிருந்தாலும் கசியும், துடைத்துவிட்டு மாட்டுங்கள். நெம்புகோலை மடக்கினால் விரியும் ரப்பர்த் தக்கையாக இருந்தால், மடக்கும்போது கைக்கு நல்ல எதிர்ப்பு தெரிய வேண்டும். லேசாக மடங்கினால் அதன் நட்டை அரைச் சுற்று இறுக்கி மீண்டும் மாட்டுங்கள். உள்ளறைகளுக்குத் தனித்தனித் துளைகள் உள்ள படகில் ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும்.

மறக்காமல் இருக்க ஓர் எளிய வழி: படகை ஏற்றியதும் கழற்றும் தக்கையை எஞ்சின் சாவியோடு சேர்த்துக் கோத்துவிடுங்கள். அடுத்த முறை சாவியை எடுக்கும்போது தக்கை கையில் தட்டுப்படும்.

ரிவர்ஸ்

ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தை, கடிகார முள் 6-இல் நிற்கும் இடத்தை, ஒரு கையால் பிடியுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். மேலே பிடித்தால் எல்லாமே தலைகீழாகத் தோன்றும். கீழே பிடித்தால் மனசுக்குள் மாற்றிக் கணக்குப் போட வேண்டியதில்லை.

திருப்பம் சிறியதாக, முன்கூட்டியே இருக்க வேண்டும். புதிதாக ஓட்டுபவர் ட்ரெய்லர் திரும்புவதற்குக் காத்திருந்து, திரும்பவில்லை என்று மேலும் ஒடிப்பார். பிறகு அது ஒரேயடியாக மடங்கும். கண்ணாடியில் ட்ரெய்லர் ஒரு பக்கம் பெரிதாகத் தெரியத் தொடங்கியதுமே அந்தப் பக்கமாகச் சற்றுத் திருப்புங்கள். அதாவது கீழே பிடித்த கை அந்தக் கண்ணாடியிலிருந்து விலகிப் போகட்டும். மடங்கிப்போனால் பின்னால் தள்ளி நேராக்க முடியாது. நிறுத்தி, முன்னால் இழுத்து, நேராக்கி, மறுபடி தொடங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மடங்கிய நிலையில் தொடர்ந்து தள்ளினால் ட்ரெய்லரின் மூக்கு வண்டியின் பம்பரை நசுக்கும்.

குட்டை ட்ரெய்லர் சட்டென்று மடங்கும். நீள ட்ரெய்லர் மெதுவாகக் கேட்கும், மெதுவாகவே திரும்பும். ஆகவே சிறிய படகுதானே என்று அலட்சியம் வேண்டாம். திரும்ப ஏற்றும்போது காலி ட்ரெய்லர் வண்டிக்குப் பின்னால் மறைந்தே போய்விடும். அதன் இரு பக்கமும் செங்குத்து வழிகாட்டிக் கம்பம் இருந்தால் கண்ணாடியில் தெரியும். பயிற்சிக்கு ஒரு காலி மைதானமும் 3 மீட்டர் இடைவெளியில் வைத்த நாலு செங்கற்களும் போதும்.

வழிசொல்ல ஒருவர் மட்டும் நிற்கட்டும். ஓட்டுநரின் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி, ட்ரெய்லர் போகும் பாதைக்கு வெளியே. ‘நில்’ என்று மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம். அதற்கு உடனே நிற்க வேண்டும். இரவில் வண்டியின் முன்விளக்கை அணைத்து, சிறு விளக்கை மட்டும் எரியவிடுங்கள். முன்விளக்கு மேலே நிற்பவர்களின் கண்ணைக் கூசவைக்கும்.

நீர் விளிம்பில்

வண்டியில் ஓட்டுநரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது. குழந்தைகள் மேலே, பெரியவர் ஒருவரின் கையைப் பிடித்தபடி நிற்கட்டும். சரிவில் இறங்கும்போது ஓட்டுநர் ஜன்னல் கண்ணாடியை முழுதும் இறக்கி, சீட் பெல்ட்டைக் கழற்றியிருப்பது நல்லது. வண்டி நழுவி நீருக்குள் போனால் கதவைத் திறப்பது கடினம்; ஜன்னல் வழியே உடனே வெளியேறலாம்.

நிறுத்தும் வரிசை இது: கால் பிரேக்கை மிதியுங்கள், ஹேண்ட் பிரேக்கை முழுதும் இழுங்கள், கால் பிரேக்கை மெல்லத் தளர்த்தி வண்டி நிற்கிறதா என்று பாருங்கள், அதன்பின் ஆட்டோமேட்டிக் என்றால் பார்க் நிலை, மேனுவல் என்றால் எஞ்சினை அணைத்து முதல் கியர். முதலில் பார்க் நிலைக்குப் போட்டுவிட்டால் மொத்தப் பாரமும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறிய பூட்டுக்கொண்டியில் தொங்கும். நாலு சக்கர இழுவை வண்டியில், முன்பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் பார்க் நிலை எதையும் பிடிக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அந்தப் பாரம் எவ்வளவு? வண்டியும் ட்ரெய்லரும் படகும் சேர்ந்து 3,000 கிலோ என்றால், 15 சதவீதச் சரிவில் கீழ்நோக்கிய இழுப்பு சுமார் 450 கிலோ. பெரும்பாலான வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். அந்தச் சக்கரங்கள்தான் ஈரத்துக்கு மிக அருகில் நிற்கின்றன. அதனால் முட்டுக்கட்டை கட்டாயம்: வண்டியின் சக்கரங்களுக்குப் பின்னால், நீர்ப்பக்கமாக, இரண்டு. ஒவ்வொரு கட்டையிலும் ஒரு கயிறு கட்டி வண்டியின் கொக்கியில் முடிந்துவிட்டால், வண்டி மேலேறும்போது கட்டைகளும் பின்னாலேயே இழுபட்டு வந்துவிடும். கட்டையை எடுக்க யாரும் சக்கரத்துக்குப் பின்னால் குனிய வேண்டியதில்லை.

எவ்வளவு ஆழத்துக்கு விடுவது? ட்ரெய்லர் சக்கரத்தின் மட்கார்டு நீரைத் தொடும் வரை என்பதைத் தொடக்க அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ரோலர் ட்ரெய்லருக்கு அதைவிடக் குறைவாகவே போதும். பலகை ட்ரெய்லருக்குச் சற்று ஆழம் வேண்டும். அமரம் லேசாக எழும்பி ஆடத் தொடங்கினால் அதுதான் ஆழம்.

அமரம் நீரில் இறங்கியதும் எஞ்சினை இறக்கி, நீர் உறிஞ்சும் வாய் மூழ்கியிருக்கிறதா, அடிமுனை கான்கிரீட்டில் இடிக்கவில்லையா என்று பார்த்து, ட்ரெய்லரில் கட்டியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆகாவிட்டால் திரும்ப மேலே இழுத்துக்கொள்ளலாம். மிதக்கவிட்டபின் ஸ்டார்ட் ஆகாத படகு காற்று போகும் பக்கம் போகும். பெட்ரோல் எஞ்சின் படகுக்குள்ளேயே மூடிய அறையில் இருந்தால், சாவியைத் திருப்பும் முன் காற்றுவெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓடவிடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கி நிற்கும். இழுபட்டால் எஞ்சினை அணைக்கும் கில் ஸ்விட்ச் கயிறு ஓட்டுபவர் உடலில் மாட்டியிருக்கட்டும். அமரத்துக்குப் பின்னால் நீரில் ஆள் நின்றால் எஞ்சின் ஓடக் கூடாது; நியூட்ரலில் இருந்தாலும் கூடாது.

படகுக்குள் எட்டிப் பார்த்து நீர் ஏறவில்லை என்று உறுதியானபின், அணியக் கயிற்றை ஒருவர் கையில் பிடித்துக்கொள்ளட்டும். அதற்குப் பிறகே அணியச் சங்கிலி, கடைசியாக வின்ச் கொக்கி. படகு பட்டையை இழுத்துக்கொண்டிருந்தால், கைப்பிடியை உறுதியாகப் பிடித்தபடிதான் வின்ச்சின் பூட்டைத் திறக்க வேண்டும். பிடி நழுவினால் கைப்பிடி விசிறிபோலச் சுழலும். குறுக்கே போகும் கை மணிக்கட்டோடு முறியும். சுழலும் கைப்பிடியை நிறுத்தக் கை நீட்டாதீர்கள். படகு போனால் போகட்டும்.

கொக்கி விட்டதும் படகு தானாகவோ ஒரு சிறு தள்ளலிலோ பின்னால் நகரும். நகராவிட்டால் எஞ்சினை ரிவர்ஸில் முறுக்கும் முன் பின்பட்டை கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்னும் அரையடி ஆழத்துக்கு ட்ரெய்லரை விடுங்கள். வேகமாகப் பின்னால் போய்த் திடீரென்று பிரேக் அடித்துப் படகை உதறி இறக்குவதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். பாசித் தளத்தில் அந்தப் பிரேக் பிடிக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

தக்கை மறந்தது இப்போது தெரிந்தால், இன்னும் ட்ரெய்லர் நீரில் இருக்கும்போதே வின்ச்சில் மாட்டி மேலே இழுத்துவிடுங்கள். ட்ரெய்லர் போய்விட்டது என்றால் படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பை இயக்கி, உள்ளிருந்தே துளையைத் துணியாலோ கையில் கிடைப்பதாலோ அடைத்து, கரையோர ஆழமற்ற பகுதிக்குக் கொண்டு போங்கள்.

திரும்ப ஏற்றுவது

ஏற்றுவதில் பெரும்பாலான தொல்லைகளுக்கு ஒரே வேர்: ட்ரெய்லரை அதிக ஆழத்தில் விடுவது. ஆழமாக விட்டால் படகு எளிதாக ஏறும் என்று தோன்றும். உண்மையில் தாங்குபலகைகள் மூழ்கிப்போனால் படகுக்கு வழிகாட்ட எதுவுமே இல்லை. அது பலகைக்கு மேலே மிதந்து, காற்று தள்ளும் பக்கம் ஒதுங்கி, ட்ரெய்லர் மேலேறும்போது கோணலாக உட்காரும். அணியம் வின்ச்சுக்கு மேலே ஏறி இடிப்பதும் இதனால்தான்.

பலகை ட்ரெய்லருக்கு நாங்கள் சொல்லும் முறை: முதலில் ட்ரெய்லரை முழுதும் மூழ்கும்வரை விட்டுப் பலகைகளை நனையுங்கள். பிறகு முன்னால் இழுத்து, பலகைகளின் முன்பக்க மூன்றில் ஒரு பங்கு நீருக்கு வெளியே தெரியும்படி நிறுத்துங்கள். நனைந்த கார்பெட் வழுக்கும். வெளியே தெரியும் பகுதி அணியத்தை நடுவில் கொண்டு வந்து பிடிக்கும். படகு ஏறாமல் முரண்டு பிடித்தால் ஒரு சாண் மட்டும் ஆழமாக்குங்கள். ஏறிக் கோணலாக நின்றால் ஒரு சாண் மேலே இழுங்கள். ஒவ்வொரு தளத்தின் சரிவும் வேறு என்பதால் இந்த அளவு இடத்துக்கு இடம் மாறும்.

பயணிகள் ஜெட்டியிலேயே இறங்கிவிடட்டும். படகை நடக்கும் வேகத்தைவிட மெதுவாகக் கொண்டு வாருங்கள். குறுக்குக் காற்று இருந்தால், ட்ரெய்லரின் நடுவைக் குறிவைக்காமல் காற்று வரும் பக்கம் சற்றுத் தள்ளிக் குறிவையுங்கள். வந்து சேரும்போது காற்றே நடுவுக்குத் தள்ளியிருக்கும். ஜெட்டி காற்று வரும் பக்கத்தில் இருந்தால் அமரக் கயிற்றை அங்கிருந்து ஒருவர் பிடித்து இழுத்துக்கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. காற்று எதிர்பாராமல் திருப்பிவிட்டால் பின்வாங்கி மறுபடி வாருங்கள்.

அணியம் பலகையில் ஏறியதும் எஞ்சின் வேகத்தைக் கூட்டி மிச்சத் தூரத்தை ஏற்றுபவர்கள் பலர். வேண்டாம். புரொப்பல்லர் பின்தள்ளும் நீர், கான்கிரீட் முடியும் இடத்தில் மண்ணை அரித்துப் பள்ளமாக்கி, அந்த மண்ணைக் கொஞ்சம் தள்ளி மேடாகக் குவிக்கும். அடுத்து வரும் ட்ரெய்லரின் சக்கரம் அந்தப் பள்ளத்தில் விழும். மேட்டில் எஞ்சின்களின் அடிமுனை தட்டும். பல துறைகளில் இதற்குத் தடையே இருக்கிறது. எஞ்சினை அணைத்து, வின்ச்சில் இழுங்கள்.

வின்ச் பட்டையை இழுக்கும்போது பக்கவாட்டில் நில்லுங்கள். பட்டைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். நைந்த பட்டை அறுந்தால் கொக்கியோடு திரும்பி அடிக்கும். ஓரத்தில் நூல் பிரிந்த பட்டையைக் கண்டதும் மாற்றிவிடுங்கள். அணியம் ரப்பர்த் தடுப்பில் முட்டியதும் பூட்டைப் போட்டு, உடனே அணியச் சங்கிலியையும் மாட்டுங்கள். இறக்கும்போது கடைசியாகக் கழன்ற கொக்கிதான் ஏற்றும்போது முதலில் மாட்டப்படுகிறது.

இனி வண்டியை நகர்த்தும் முன் எஞ்சினை முழுதும் மேலே தூக்குங்கள். படகு நீரில் மட்டமாக மிதக்கும்போது எஞ்சினுக்கடியில் இடம் இருப்பதுபோலத் தெரியும். ட்ரெய்லர் மேலேறும்போது அமரம் தாழும், அடிமுனை கான்கிரீட்டில் உரசும்.

முதல் கியரில், நிதானமாக மேலே இழுங்கள். பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது. படகு நீரைவிட்டு வந்ததும் அணியத்துக்கும் ரப்பர்த் தடுப்புக்கும் இடையே ஒரு கையகல இடைவெளி தெரியலாம். தளம் சாய்ந்தும் படகு மட்டமாகவும் இருந்ததால் வரும் இடைவெளி அது. அமரம் பலகையில் உட்காரும்போது படகு சற்றுப் பின்னால் போய்விடுகிறது. உலர்ந்த பலகையில் வின்ச்சைப் பலமாக முறுக்கி அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அமரம் மிதக்கும் அளவுக்குத் திரும்ப இறக்கி, நாலு சுற்று இழுத்து, மறுபடி மேலேறுங்கள்.

டயர் சுழன்று வழுக்கினால் ஆக்சிலரேட்டரை விடுங்கள். சுழலும் டயர் பாசியைத் தேய்த்து இன்னும் வழுவழுப்பாக்கும், வண்டியும் கீழ்நோக்கி நழுவும். பிரேக்கைப் பிடித்து, முட்டுக்கட்டை வைத்து, நாலு சக்கர இழுவை இருந்தால் தாழ்ந்த கியரில் போடுங்கள். அதுவும் பலிக்காவிட்டால், உலர்ந்த தளத்தில் நிற்கும் இன்னொரு வண்டியின் பின்கொக்கியிலிருந்து உங்கள் வண்டியின் முன்கொக்கிக்கு இழுவைப் பட்டை போட்டு இழுக்கச் சொல்லுங்கள். ட்ரெய்லர் சக்கரம் தள விளிம்பைத் தாண்டி விழுந்திருந்தால் பலமாக இழுக்கவே கூடாது, அச்சு வளைந்துவிடும். படகை மறுபடி மிதக்கவிட்டு, காலி ட்ரெய்லரை ஆட்களோ ஜாக்கோ கொண்டு விளிம்புக்கு மேல் தூக்கி எடுப்பதே வழி.

மேலே வந்தபின்

சரிவைவிட்டு விலகிச் சமதளத்துக்குப் போய் நிறுத்தியபின் தக்கையைக் கழற்றுங்கள். வழியும் நீரின் அளவைக் கவனியுங்கள்; எதிர்பார்த்ததைவிட அதிகம் வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. பின்பட்டைகளை இறுக்குங்கள், எஞ்சினுக்குத் தாங்குகம்பி கொடுங்கள், லைட் பிளக்கை மாட்டி ஒவ்வொரு விளக்கையும் பாருங்கள். புரொப்பல்லரிலும் அச்சிலும் பலகை இடுக்கிலும் சிக்கிய நீர்ச்செடிகளைப் பிடுங்கி, அதே துறையில் விடுங்கள். உயிர்மீன் தொட்டி நீரையும் அங்கேயே கொட்டுங்கள். அந்நியச் செடியும் சிப்பியும் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போவது இந்த ட்ரெய்லர்கள் வழியாகவும்தான்.

கடல்நீராக இருந்தால் அன்றே நன்னீரால் ட்ரெய்லர் முழுவதையும், குறிப்பாக பிரேக் டிரம்களையும் சட்டத்தின் உட்குழாய்களையும் கழுவ வேண்டும். எஞ்சினுக்குள்ளும் 5 முதல் 10 நிமிடம் நன்னீர் ஓட்டுங்கள்.

வீடு திரும்பும் வழியில் 10 கி.மீ. போனதும் நிறுத்தி, ஹப்களைத் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாதபடி கொதித்தால் அந்தப் பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது, ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். வீட்டில் ஹப் மூடியைத் திறந்து பார்க்கும்போது கிரீஸ் பால்நிறமாக மாறியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அடுத்த பயணத்துக்கு முன் பேரிங்கைக் கழற்றிக் கழுவி, புதுக் கிரீஸ் அடைத்து, சீலையும் மாற்றிவிடுங்கள்.